ஒன்பதில் ஐந்து

"சார், நாளைக்கு சி.எஸ்.கே. ஜெயிக்க எத்தனை பர்சென்ட் சான்ஸ்?"

புதுப் பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள், மளிகைக் கடை வாசலில் என்னை நிறுத்திக் கேட்டாள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒருத்தி. நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் அப்பா "தொண்ணூறு!" என்றார். எதை வைத்துச் சொல்றீங்க என்றேன். "நம்ம டீமாச்சுங்களே" என்றார்.

அந்த அன்பில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது கணக்கு. சேலம் பக்கத்தில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டென்னிஸ் பந்துப் போட்டிகளுக்கு ஸ்கோர் எழுதினேன். அந்த உரிமையில் அவளுக்கும் அவள் வயதுப் பிள்ளைகளுக்கும் சிலவற்றை எழுதித் தருகிறேன். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். ஒரு நோட்டு வேண்டும்.

1. கண்ணு, சதவீதத்தில் தொடங்காதே. பின்னத்தில் தொடங்கு.

ஒரு அணி 14 ஆட்டத்தில் 9 ஜெயித்தது என்றால் 9/14 என்று எழுது. மேலே இருப்பது ஜெயித்த எண்ணிக்கை, அது தொகுதி. கீழே இருப்பது ஆடிய எண்ணிக்கை; அது பகுதி. அடுத்த ஆட்டமும் இந்த ஆட்டங்களைப் போன்றதுதான் என்று வைத்துக்கொண்டால், வெற்றியின் நிகழ்தகவுக்கு நம் கையில் இருக்கும் முதல் மதிப்பீடு அதுதான். வகுத்தால் 0.643 வரும், சுமார் 64 சதவீதம். தோல்வியின் நிகழ்தகவு 1 கழித்தல் 9/14, அதாவது 5/14.

பின்னமாகவே வைத்திரு என்று ஏன் சொல்கிறேன்? 64 சதவீதம் என்று மட்டும் சொன்னால், அது 14 ஆட்டத்தைப் பார்த்துச் சொன்னதா, 1400 ஆட்டத்தைப் பார்த்துச் சொன்னதா என்பது கேட்பவருக்குத் தெரியாது. இரண்டுக்கும் நம்பிக்கை ஒன்றல்ல. பகுதியை மறைத்துவிட்டுப் பேசுகிற பழக்கம் சின்ன வயதில் ஒட்டிக்கொண்டால் லேசில் விடாது. எத்தனையோ படித்தவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

2. பகுதியில் எதைப் போடுவது என்பதைக் கேள்விதான் முடிவு செய்யும்.

2023 ஐபிஎல் லீக் சுற்றில் சென்னை அணி (சி.எஸ்.கே.) 14 ஆட்டங்களுக்கு இறங்கியது. 8 வெற்றி, 5 தோல்வி. லக்னோவில் நடந்த ஒன்று மழையில் முடிவில்லாமல் போனது. இப்போது 8/14 என்பதா, 8/13 என்பதா? "அட்டவணையில் இருக்கிற ஓர் ஆட்டத்தில் சென்னைக்கு வெற்றி கிடைக்குமா?" என்பது கேள்வியானால் 14. "ஆட்டம் முழுதாக நடந்தால் ஜெயிக்குமா?" என்பது கேள்வியானால் 13. முதலாவது 0.571, இரண்டாவது 0.615. இரண்டும் சரிதான், ஆனால் இரண்டையும் கலந்து பேசக் கூடாது.

டெஸ்ட் போட்டியில் டிரா என்று மூன்றாவது பெட்டி ஒன்று உண்டு. அங்கே "1 கழித்தல் வெற்றி" என்பது தோல்வி ஆகாது. தோல்வியும் டிராவும் சேர்ந்தது. மதிப்பெண்ணைக் கோட்டைவிடும் பிள்ளைகளில் பாதிப்பேர் இங்கேதான் விடுகிறார்கள்.

3. பிடித்த வருஷங்களை மட்டும் பொறுக்காதே.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னை ரசிகர்களிடம் கேட்டால் 2011, 2014, 2015, 2018, 2019, 2021 என்று ஆசையாகச் சொல்வார்கள். இந்த ஆறு பருவங்களில் ஒரு விந்தை உண்டு: ஆறிலும் லீக் சுற்றில் அச்சடித்ததுபோல 14 ஆட்டம், 9 வெற்றி, 5 தோல்வி. சேர்த்தால் 54/84. அதுவும் 0.643தான். அப்படியானால் சென்னையின் வெற்றி வாய்ப்பு 64 சதவீதம் என்று எழுதிவிடலாமா?

கூடாது. விட்டுப்போன பருவங்களையும் கொண்டுவா. முடிவு கிடைத்த லீக் ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொள். 2008இல் 14க்கு 8. 2009இல் 13க்கு 8. 2010இல் 14க்கு 7. 2012இல் 15க்கு 8. 2013இல் 16க்கு 11. 2016, 2017 இரண்டிலும் அணி தடையில் இருந்ததால் ஆட்டமே இல்லை. 2020இல் 14க்கு 6. 2022இல் 14க்கு 4. 2023இல் 13க்கு 8. 2024இல் 14க்கு 7. 2025இல் 14க்கு 4, பட்டியலில் கடைசி இடம். இவற்றோடு அந்த ஆறையும் சேர்த்துப் பதினாறு பருவத்தையும் கூட்டிப் பார்.

ஜெயித்தது 125. ஆடியது 225.

சுருக்கினால் 5/9.

நான் முதல் தடவை இதைக் கூட்டியபோது தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மூன்று தடவை சரிபார்த்தேன். ஐந்து கோப்பைகள். 2023 வரை ஆடிய 14 பருவங்களில் பத்து இறுதியாட்டங்கள். அப்படிப்பட்ட அணி, லீக் ஆட்டங்களில் ஒன்பதுக்கு ஐந்துதான் ஜெயித்திருக்கிறது. சதவீதத்தில் 56 கூட நிறையவில்லை. 2010இல் சரிபாதி ஆட்டங்களைத்தான் ஜெயித்தார்கள். கோப்பையும் அந்த வருஷமே வந்தது.

இதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. இருபது ஓவர் ஆட்டத்தில் நல்ல அணிக்கும் சுமாரான அணிக்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. அந்தச் சின்ன மேன்மையை வருஷக்கணக்கில் நழுவவிடாமல் வைத்திருப்பதுதான் பெரிய காரியம். பொறுக்கி எடுத்த 54/84ஐப் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

4. சின்னப் பகுதியை நம்பாதே.

2025இல் சென்னை முதல் ஆட்டத்தில் சேப்பாக்கத்தில் மும்பையை வென்றது. அன்றைய கணக்கு 1/1, நூற்றுக்கு நூறு. அடுத்து வரிசையாக ஐந்து தோல்வி. கணக்கு 1/6 ஆனது.

ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து 14 தடவை சுண்டு. 9 அல்லது அதற்கு மேல் தலை விழுவதற்கு வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? 14 சுண்டலுக்கு மொத்தம் 16,384 வகை வரிசைகள் உண்டு. அவற்றில் 3,473 வரிசைகளில் 9க்குக் குறையாத தலைகள் இருக்கும். சுமார் 21 சதவீதம். அதாவது பத்து அணிகளும் திறமையில் சரிசமமாக இருந்தாலும், ஏறக்குறைய இரண்டு அணிகள் 9 வெற்றியோடு பட்டியலின் மேலே நிற்கும். நாம் அவற்றைப் புகழ்ந்து நாலு பக்கம் எழுதியும் விடுவோம்.

கையோடு வைத்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். 1ஐ ஆட்ட எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகு. வருகிற எண்ணை உன் விடையோடு கூட்டியும் கழித்தும் பார். உண்மை பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும். 14 ஆட்டத்துக்கு அது 0.27. ஆகவே 9/14 என்ற அணியின் உண்மையான வலு 0.37இலிருந்து 0.91 வரை எங்கேயும் இருக்கலாம். 225 ஆட்டத்துக்கு வர்க்கமூலம் 15, ஏற்ற இறக்கம் 0.067. அப்போது 5/9 என்பது 0.49க்கும் 0.62க்கும் நடுவில். பதினாறு பருவம் பார்த்தும் "பாதிக்கு மேல்தான்" என்று லீக் கணக்கை மட்டும் வைத்துச் சத்தியம் பண்ண முடியவில்லை, பார்.

5. பூஜ்யத்தையும் ஒன்றையும் எழுதுவதற்கு முன் கையை நிறுத்து.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் காபா மைதானம். 1988 நவம்பரில் மேற்கிந்தியத் தீவுகளிடம் அங்கே தோற்ற பிறகு, ஆஸ்திரேலியா 31 டெஸ்டுகள் தோல்வியே காணவில்லை. 24 வெற்றி, 7 டிரா. 2021 ஜனவரியில் இந்தியா அங்கே போய் இறங்கியபோது, ஆஸ்திரேலியா தோற்கும் நிகழ்தகவு பதிவேட்டின்படி 0/31. பூஜ்யம். நடக்கவே நடக்காது என்று பொருள்.

வந்த அணியோ நோஞ்சானாக இருந்தது. ஒரு மாதத்துக்கு முன் அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்டவர்கள். கோலி ஊருக்குத் திரும்பிவிட்டார். பும்ரா, அஸ்வின், ஜடேஜா, ஷமி எல்லோரும் காயம். நம் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனும் சென்னை வாஷிங்டன் சுந்தரும் அந்த ஆட்டத்தில்தான் டெஸ்டில் அறிமுகமானார்கள். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட். பிறகு சுந்தர் 62, ஷர்துல் தாக்கூர் 67. ஜனவரி 19, கடைசி நாள், 328 ரன் இலக்கு. கில் 91 அடித்தார். பந்த் 89 ரன்னோடு கடைசிவரை நின்றார். மூன்று விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. இந்தப் பக்கத்து ஊர்களில் வெடி வெடித்தார்கள். நான் என் நோட்டை எடுத்து 0/31 என்று எழுதியிருந்த இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதுவரை நடக்கவில்லை என்பது வேறு, நடக்காது என்பது வேறு. பதிவேடு முதலாவதை மட்டும்தான் சொல்லும். இதற்கு பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் (1749–1827) ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்: எண்ணிக்கையில் கற்பனையாக ஒன்று நடந்ததாகவும் ஒன்று நடக்காததாகவும் சேர்த்துக்கொள். தொகுதியோடு 1, பகுதியோடு 2. காபாவில் ஆஸ்திரேலியா தோற்கும் நிகழ்தகவு 0/31 என்பது 1/33 ஆகிவிடும். சுமார் 3 சதவீதம். அரிது, ஆனால் கதவு சாத்தவில்லை. அதற்குப் பிறகு நடந்ததையும் கேள். இங்கிலாந்தையும் தென்னாப்பிரிக்காவையும் ஆஸ்திரேலியா அதே மைதானத்தில் வென்றது. 2024 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் வந்து 8 ரன் வித்தியாசத்தில் சாய்த்துவிட்டார்கள். ஷமார் ஜோசப் 7 விக்கெட். முப்பத்திரண்டு வருஷம் நடக்காதது நான்கு டெஸ்டுக்குள் இரண்டு தடவை நடந்தது.

ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்த அணிக்கும் இந்த வழியைப் போட்டுப் பார். 1/1 என்பது 2/3 ஆகும். நூறு சதவீதம் என்று துள்ளாமல் அடக்கிவைக்கும். ஆட்டங்கள் கூடக்கூட, சேர்த்த ஒன்றும் இரண்டும் தானே கரைந்துபோகும்.

6. எதிரணியையும் கணக்கில் சேர்.

ஒரு அணியின் பதிவேடு சராசரி எதிரணிக்குச் சொன்னது. நாளைய எதிரணி சராசரி இல்லையே. இதற்கு அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் பில் ஜேம்ஸ் ஒரு வழி சொன்னார். நம் பிள்ளைகளுக்குக் குறுக்குப் பெருக்கல் தெரியும் என்பதால் அதை அப்படியே மாற்றிச் சொல்கிறேன். இரண்டு அணிகளுக்கும் வெற்றி : தோல்வி விகிதம் எழுது. நம் வெற்றியை அவர்கள் தோல்வியால் பெருக்கு; நம் தோல்வியை அவர்கள் வெற்றியால் பெருக்கு. வருகிற இரண்டு எண்களும்தான் நம் வாய்ப்புக்கும் அவர்கள் வாய்ப்புக்கும் உள்ள விகிதம்.

2025ஐ எடுத்துக்கொள்வோம். சென்னை 4 வெற்றி, 10 தோல்வி. பெங்களூரு 9 வெற்றி, 4 தோல்வி, ஒன்றுக்கு முடிவில்லை. ஆனால் அப்படியே போட்டுவிடாதே. அவர்கள் இருவரும் மோதிய இரண்டு ஆட்டங்களும் இந்த எண்ணிக்கைக்குள்ளேயே இருக்கின்றன. இரண்டிலும் பெங்களூரு ஜெயித்தது. அவற்றையும் வைத்துக்கொண்டு அவற்றையே ஊகிப்பது, விடைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுவது மாதிரி. கழித்துவிடு. சென்னை 4 : 8, பெங்களூரு 7 : 4. நான்கை நான்கால் பெருக்கினால் 16. எட்டை ஏழால் பெருக்கினால் 56. 16 : 56 என்பது 2 : 7. சென்னைக்கு 2/9.

ஒன்பதில் இரண்டு என்பது கைவிட்ட கேஸ் அல்ல. சேப்பாக்கத்தில் 50 ரன்னில் தோற்றார்கள். 2008க்குப் பிறகு பெங்களூரு அங்கே சென்னையை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. பெங்களூருவில் நடந்த ஆட்டத்தில் 214 ரன் துரத்தி, பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே 94 அடித்து, இரண்டே இரண்டு ரன்னில் தோற்றார்கள். பதிவேட்டில் இரண்டு தோல்விக்கும் ஒரே மதிப்பு. ஆட்டத்தைப் பார்த்தவனுக்குத் தெரியும், இரண்டாவது எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கும்.

சொந்த மைதானமா, வெளியூரா என்பதும் இதே மாதிரிதான். 2011இல் சென்னை சேப்பாக்கத்தில் ஆடிய 8 ஆட்டத்தையும் ஜெயித்தது. தனியாக எண்ணிக்கொள், ஆனால் பிரிக்கப் பிரிக்கப் பகுதி சிறுத்துக்கொண்டே போகும், நான்காவதாகச் சொன்ன தொல்லை திரும்ப வரும். எவ்வளவு பிரிக்கலாம் என்பதற்குச் சூத்திரம் கிடையாது, அனுபவத்தில் வருவதுதான்.

7. தொடர் வெற்றிக்குப் பெருக்கு. வழி இரண்டு இருந்தால் கூட்டு.

பாடப்புத்தகத்தில் இதற்குப் பகடையும் சீட்டுக்கட்டும் கொடுத்திருப்பார்கள். எனக்கு ஐபிஎல் பிளே ஆஃப் அதைவிட நல்ல பாடம். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் குவாலிஃபயர் ஒன்றில் மோதுவார்கள். ஜெயித்தவர் நேராக இறுதிக்கு. தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு, குவாலிஃபயர் இரண்டு. மூன்றாம், நான்காம் இடத்தவர்கள் எலிமினேட்டர் ஆட வேண்டும். அதில் ஜெயித்தவர் குவாலிஃபயர் இரண்டையும் ஜெயித்தால்தான் இறுதிக்குப் போகலாம். ஒரு தோல்வியோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நாலு அணியும் சமம், ஒவ்வொரு ஆட்டமும் 1/2 என்று வைத்துக்கொள். மூன்றாம் இடத்து அணி கோப்பை வாங்க மூன்று ஆட்டமும் ஜெயிக்க வேண்டும்: 1/2 × 1/2 × 1/2 = 1/8. இரண்டாம் இடத்து அணிக்கு இரண்டு வழி. இரண்டு ஆட்டத்தையும் ஜெயிப்பது 1/4. முதலாவதில் தோற்று அடுத்த இரண்டையும் ஜெயிப்பது 1/8. இரண்டு வழியும் ஒரே சமயத்தில் நடக்காது, ஆகவே கூட்டலாம்: 3/8. நாலு அணிகளையும் கூட்டிப் பார். 3/8, 3/8, 1/8, 1/8. மொத்தம் 1. சரியாக வந்துவிட்டது. இப்படிக் கடைசியில் கூட்டிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் பாதித் தப்பைத் தானே பிடித்துவிடலாம்.

இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் பட்டியலில் ஒரு வரி. கோப்பை வாய்ப்பில் மூன்று மடங்கு! கடைசி லீக் ஆட்டத்தில் ரன் ரேட்டுக்காக உயிரைக் கொடுத்து ஆடுவது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

இந்த முறை 2011இல் வந்தது. 2025 வரை பதினைந்து கோப்பைகள். கணக்கின்படி முக்கால் பங்கு, அதாவது பதினொன்று அல்லது பன்னிரண்டு, முதல் இரண்டு இடத்தாருக்குப் போக வேண்டும். போனது பதினான்கு. முதல் இடத்தவர்கள் ஐந்து, இரண்டாம் இடத்தவர்கள் ஒன்பது. எலிமினேட்டரிலிருந்து ஏறிவந்து கோப்பையைத் தொட்ட ஒரே அணி 2016 ஹைதராபாத். கணக்கைவிடக் கூடுதலாக வந்ததற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதுதான்: மேலே வந்தவர்கள் கொஞ்சம் வலுவானவர்களும் கூட. சென்னையின் 2011, 2018, 2021, 2023 கோப்பைகள் நான்கும் இரண்டாம் இடத்திலிருந்து, முதல் குவாலிஃபயரை ஜெயித்து, இறுதியையும் ஜெயித்து வந்தவை. 2012இல் நான்காம் இடத்திலிருந்து கிளம்பினார்கள். இரண்டு ஆட்டம் ஜெயித்தார்கள். மூன்றாவது, சேப்பாக்கத்திலேயே, கொல்கத்தாவிடம் போய்விட்டது.

8. "ஒன்றாவது" என்ற சொல் கேள்வியில் வந்தால் தலைகீழாகப் போ.

அடுத்த மூன்று ஆட்டத்தில் ஒன்றாவது ஜெயிக்குமா? மூன்றும் தோற்கும் வாய்ப்பைக் கண்டுபிடித்து 1இலிருந்து கழி. 5/9 அணிக்குத் தோல்வி 4/9. மூன்று தடவை பெருக்கினால் 64/729. கழித்தால் 665/729, சுமார் 91 சதவீதம். அந்த அப்பா சொன்ன தொண்ணூறு இந்தக் கேள்விக்குச் சரியாக வந்திருக்கும்.

9. பாக்கி என்று ஒன்று கிடையாது.

ஐந்து ஆட்டம் தோற்றாகிவிட்டது, ஆறாவது கண்டிப்பாக ஜெயிக்கும் என்பார்கள். யார் யாருக்குக் கடன்? 2023 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தொடங்கி, ஒருநாள் போட்டிகளில் இந்தியா தொடர்ந்து 20 தடவை டாஸ் தோற்றது. 2025 டிசம்பரில் விசாகப்பட்டினத்தில்தான் அது முடிந்தது. 20 டாஸ் வரிசையாகத் தோற்பது பத்து லட்சத்துக்கு ஒன்று. ஆனால் 19 தோற்று நிற்கும்போது இருபதாவதைத் தோற்பது 1/2தான். நாணயம் நினைவு வைத்துக்கொள்வதில்லை.

5/9 அணி குறிப்பிட்ட ஐந்து ஆட்டத்தையும் தோற்பது 58க்கு ஒன்று. கேட்க அரிதாக இருக்கிறது. ஆனால் பதினாறு பருவத்தில் இப்படி வரிசை ஒன்றிரண்டு தடவை வரத்தான் செய்யும். அதற்காக ஐந்து தோல்வியில் சேதியே இல்லை என்றும் சொல்லமாட்டேன். அணிக்கு, நாணயத்துக்கு இல்லாத உடம்பும் மனசும் இருக்கிறது. 2025இல் கேப்டன் ருதுராஜ் முழங்கையில் எலும்பு முறிந்து வெளியேறினார். அப்போது மாறியது அணியே. பழைய பின்னம் அதற்குப் பொருந்தாது. தொடர் தோல்வி எதையாவது சொல்கிறது என்றால், "இனி ஜெயிக்கும்" என்பதைச் சொல்லவில்லை. "நீ நினைத்த 5/9 கொஞ்சம் அதிகமோ" என்று கேட்கிறது.

10. இந்தக் கணக்கைக் கொண்டுபோய்ப் பணம் கட்டாதே.

எங்கள் தெருவில் ஒரு பையன். என்னிடம் படித்தவன், கணக்கில் கெட்டிக்காரன். "தொடர்ந்து நாலு தோத்துட்டாங்க சார், அஞ்சாவது நிச்சயம்" என்று அவன் சொன்ன அன்று நான் அழுத்திச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வண்டி போயிற்று, பிறகு அவன் அம்மாவின் வளையல் போயிற்று. இன்றும் அந்தம்மா முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சமமான இரண்டு அணிகளுக்கு, நூறு கட்டினால் நூற்றெண்பது என்று இருபக்கமும் விலை வைப்பார்கள் என்று வைத்துக்கொள். சரிபாதி ஆட்டத்தில் உனக்குச் சராசரியாகத் திரும்பி வருவது 90. ஒவ்வொரு நூறுக்கும் பத்து ரூபாய் போனதுதான். நஷ்டமில்லாமல் நிற்கவே உன் ஊகம் எத்தனைக்கு எத்தனை பலிக்க வேண்டும்? 100ஐ 180ஆல் வகு: 5/9. சென்னை அணி பதினாறு பருவம் வியர்வை சிந்தி ஈட்டிய அதே பின்னம், உனக்கு வெறும் கைமுதலுக்குத் தேவைப்படுகிறது. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இணையச் சூதாட்டத்தைத் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இந்தப் பின்னம் மாறாது.

11. ஆட்டத்துக்கு முன் எழுது, பின் உன்னை நீயே திருத்து.

நோட்டில் ஐந்து பத்திகள் கோடு போடு: தேதி, எதிரணி, உன் நிகழ்தகவு, முடிவு, தவறு. மூன்றாவது பத்தியை டாஸுக்கு முன் பேனாவில் எழுது, பென்சில் வேண்டாம். முடிந்த பிறகு நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று மனசு சொல்லும், அதை நம்பாதே. ஜெயித்தால் முடிவு 1, தோற்றால் 0. முடிவுக்கும் உன் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி ஐந்தாவது பத்தியில் எழுது. பருவ முடிவில் சராசரி எடு. குறைவாக இருந்தால் நல்லது. 1950இல் கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலை அறிஞர், மழை சொல்பவர்களைச் சோதிக்க உண்டாக்கிய அளவு இது.

எதுவுமே தெரியாமல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 0.5 என்று எழுதுகிறவனுக்கு 0.25 வரும். 5/9 அணிக்கு விடாமல் 5/9 என்று எழுதுகிறவளுக்கு 0.247. முன்னேற்றம் அவ்வளவுதான், இந்த விளையாட்டை ஊகிப்பது அவ்வளவு கடினம். அதே அணிக்கு எப்போதும் 0.9 என்று எழுதுகிறவருக்கோ ஜெயித்த நாளில் 0.01, தோற்ற நாளில் 0.81, சராசரி 0.366. ஒன்றும் தெரியாதவனைவிட மோசம்.

எந்தப் பின்னத்தில் தொடங்குவது என்று அந்தப் பிள்ளை திரும்பக் கேட்டாள். பதினாறு பருவக் கணக்கு 5/9. அவற்றில் கடைசி இரண்டு பருவம் மட்டும் பார்த்தால் 11/28, அதாவது 0.393. எல்லாப் பருவத்திலும் ஆடியவர் தோனி ஒருவர்தான். 2008இன் அணி இன்று இல்லை. ஆனால் 28 ஆட்டம் சின்னப் பகுதி. நான் இரண்டுக்கும் நடுவே 0.48 என்று என் நோட்டில் போட்டேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்து 0.52 என்று போட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, ஆட்டம் எங்கே நடக்கிறது, எதிரணியில் யார் இல்லை என்று இரண்டு காரணம் சொன்னாள். இரண்டும் நல்ல காரணங்கள்.

அவள் நோட்டில் அப்பாவுக்கும் ஒரு பத்தி போட்டிருக்கிறாள். முதல் ஆட்டத்துக்கு அவர் 0.9 என்றே எழுதினார், பேனாவில். ஆறாவது ஆட்டத்துக்கு 0.6 என்று எழுதியிருக்கிறார்.